எட்டலைன்னா 'இல்ல'ன்னு அர்த்தமாய்யா?

போன ஜூலைல ஒரு ஞாயித்துக்கிழமை. காலைல ஏழு மணி இருக்கும். பெங்களூருல போர்வைக்குள்ள சுருண்டு கெடந்தேன். ஊர்லேர்ந்து அப்பா போன்.

"ஏல, பாட்டு பூரா போச்சுடே."

"என்னப்பா ஆச்சு?"

"நான் ஒண்ணும் தொடல. ராத்திரி கரண்டு போச்சு. காலைல வந்துச்சு. பொட்டியப் போட்டேன். ஒரு பாட்டு கூட இல்ல."

"ஒண்ணும் ஆயிருக்காதுப்பா. பாத்துத் தாரேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் மெதுவா கேட்டாரு: "ஆச்சி கேசட்டும் போச்சா?"

இந்தப் பதிவு அந்தக் கேள்விக்காகத்தான் மக்கா. டெக்னிக்கல் மேட்டர்தான், ஆனா பொறுமையா படிங்க. கம்ப்யூட்டர் தெரியாதவங்களுக்கும் புரியுற மாதிரி எழுதப் பாக்கேன்.

முதல்ல ஊர். வடகரைன்னா நெறைய பேருக்கு கோழிக்கோடு பக்கம் இருக்குற வடகராதான் ஞாபகம் வருது. நான் சொல்றது நம்ம தென்காசி வடகரை. பண்பொழி, அச்சன்புதூர் பக்கம், அடவிநயினார் அணை இருக்குற திசை, மலை அடிவாரம். 2019 நவம்பர் வரைக்கும் திருநெல்வேலி மாவட்டம், அதுக்கப்புறம் தென்காசி மாவட்டம். குத்தாலத்துல சீசன்னா எங்களுக்கும் சாரல்தான். சாரல்னா காத்து, காத்துன்னா மரக்கெள, மரக்கெளன்னா கரண்ட் கம்பி... மிச்சம் உங்களுக்கே தெரியும்.

எங்கப்பா 80கள்ல சவுதிக்குப் போனவரு. அப்போ போன் பேசுறதுன்னா சொத்த விக்கணும். அதனால கல்ஃப்ல இருந்தவங்க வீடுகள்ல எல்லாம் ஒரு பழக்கம் உண்டு. லெட்டருக்குப் பதிலா கேசட்டுல பேசி அனுப்புவாங்க. யாராவது லீவு முடிஞ்சு திரும்பிப் போறப்ப முறுக்கு, ஊறுகாயோட கேசட்டும் போகும். எங்க ஆச்சி (அப்பாவோட அம்மா) அப்படிப் பேசி அனுப்புன கேசட்டு ஒம்போது இருக்கு. 1989ல பேசுன ஒண்ணுல முழுசா அரை மணி நேரம் வயல் கதை. எந்த மாடு கன்னு போட்டுச்சு, எவன் வரப்ப வெட்டுனான், யார் வீட்டுக் கல்யாணத்துல சாம்பார் சரியில்ல. பின்னாடி ஓட்டு மேல மழை விழுற சத்தம். இடையில ஆச்சி டேப்ப சந்தேகமா பாத்துக்கிட்டு "இது சுத்துதா, சுத்தலையா"ன்னு யார்கிட்டயோ கேக்குறது. ஆச்சி போய்ச் சேர்ந்து பல வருசம் ஆச்சு. அந்தக் குரல் இருக்குறது அந்த ஒம்போது கேசட்டுல மட்டும்தான்.

2020ல ஊரடங்கு வந்துச்சு. நான் வேலைல சேர்ந்து ஒரு வருசம்தான். வீட்டுலேர்ந்தே ஆணி புடுங்கலாம்னு சொல்லிட்டாங்க. அப்பதான் அப்பாவோட கேசட்ட எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தலாம்னு ஆரம்பிச்சேன். மொத்தம் 140 கேசட்டு. இதுல குறுக்குவழியே கெடையாது. அறுபது நிமிச கேசட்ட ஏத்த அறுபது நிமிசம் ஓடித்தான் ஆகணும். டெக்லேர்ந்து ஒரு ஒயரு, பொட்டில ஆடாசிட்டி, அவ்ளோதான். சிடி தரத்துல ஒரு நிமிசத்துக்கு பத்து எம்பிக்குக் கொஞ்சம் மேல வரும். ஒரு கேசட்டு 600 எம்பியத் தாண்டிரும். ஃப்ளாக்ல சுருக்குனா ஏறக்குறைய பாதி. பகல்ல ஆபீஸ் மீட்டிங், பக்கத்துல நம்ம காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரம். மீட்டிங்ல மியூட் போட மறந்து ஒருதடவ மாட்டிக்கிட்டதெல்லாம் தனிப் பதிவு போடணும், ஹிஹி.

பாட்டெல்லாம் அப்பா பொட்டியோட ஹார்ட் டிஸ்க்ல இருந்த வரைக்கும் பிரச்சினையே இல்ல. ஒரு டிஸ்க் செத்தா எல்லாம் போயிருமேன்னு பயந்து, ரெண்டு டிஸ்க் போடுற ஒரு நாஸ் பெட்டி வாங்கி ரவுட்டர் பக்கத்துல வச்சேன். நாஸ்னா ஒண்ணுமில்ல, நெட்வொர்க்ல தொங்குற ஹார்ட் டிஸ்க். ஹால்ல அப்பா பொட்டியிலயும் கேக்கலாம், அடுப்படில அம்மா போன்லயும் கேக்கலாம். அதோட சேத்து புதுசா ஒரு மியூசிக் லைப்ரரி மென்பொருளும் போட்டுக் குடுத்தேன். பேரு வேண்டாம். திட்டப்போறதால பேர் சொல்லாம இருக்குறதுதான் மரியாத. ஏழரை அங்கதான் ஆரம்பிச்சது.

மொத நாளே நாஸ் அதுக்குக் கண்ணுல படல. விண்டோஸ்ல நெட்வொர்க் டிரைவ இசட் டிரைவ்னு மாட்டுவோம்ல, எக்ஸ்ப்ளோரர்ல அழகாத் தெரியும், தொறந்தா பாட்டு ஓடும். மென்பொருளுக்குள்ள போனா இசட்டே இருக்காது. காரணம் என்னன்னா, இசட்ங்கற பேரு யாரு லாகின் பண்ணிருக்காங்களோ அவங்களுக்கு மட்டும்தான் சொந்தம். மென்பொருள் பின்னணில ஒரு சர்வீஸா வேற ஆளு பேருல ஓடுனா, அந்த ஆளுக்கு இசட்டுன்னு ஒண்ணே கெடையாது. 'அட்மினிஸ்ட்ரேட்டரா ஓட்டு'ன்னு தொறந்தாலும் இதே கதைதான். எங்க வீட்டுல 'பெரியவன்'னா என்னைச் சொல்லுவாங்க, பக்கத்து வீட்டுல 'பெரியவன்'னா வேற ஆளு, அந்த மாதிரி. அதனால எழுத்தெல்லாம் குடுக்காம முழு விலாசத்தையே குடுக்கணும். \\நாஸ்\பாட்டு அப்படின்னு. அந்த சர்வீஸ் ஓடுற ஆளுக்கு நாஸ்ல உள்ள நுழைய யூசர் நேமும் பாஸ்வேர்டும் இருக்கணும். இது ரெண்டும் பண்ணா பாதிப் பேரோட பிரச்சினை தீந்துரும்.

மீதிப் பேருக்கு எஸ்எம்பி 1. பழைய நாஸ், பின்னாடி யூஎஸ்பி சொருகுற பழைய ரவுட்டர் இதெல்லாம் பேசுற பழைய பாஷை அது. 2017 மே மாசம் வானாக்ரைன்னு ஒரு வைரஸ் உலகம் பூரா ஆஸ்பத்திரி, ஆபீஸ்னு பாக்காம ஆடுச்சே, அது நுழைஞ்சது எஸ்எம்பி 1 ஓட்டை வழியாத்தான். அதே வருசக் கடைசில வந்த விண்டோஸ் 10 பதிப்புலேர்ந்து புதுசா போடுற பொட்டில அது வர்றதில்ல. சரியான முடிவு. "எஸ்எம்பி 1ஐ மறுபடி ஆன் பண்ணுங்க, வேலை செய்யும்"னு யாராவது சொன்னா பண்ணாதீங்க. திருடன் வந்துட்டுப் போன வாசலத் தொறந்து வச்சிட்டுத் தூங்குற மாதிரி. நாஸ் பெட்டிய புதுப்பிக்க முடியுமான்னு பாருங்க, முடியாட்டி அதுக்கு ஓய்வு குடுங்க.

நிற்க. இதெல்லாம் தெரிஞ்ச தலைவலி. தேடுனா வழி கெடைக்கும். அந்த ஞாயித்துக்கிழமை நடந்தது வேற.

ராத்திரி கரண்ட் போயி, இன்வெர்ட்டரும் தீந்து, எல்லாம் அணைஞ்சிருச்சு. காலைல கரண்ட் வந்ததும் நாஸ் தானா எந்திரிச்சது. அதுக்கு ரெண்டு டிஸ்கையும் சுத்தி, சரிபாத்து, கதவத் தொறக்க மூணு நிமிசம் ஆகும். அப்பா பொட்டில போன வருசம் நான்தான் எஸ்எஸ்டி போட்டுக் குடுத்தேன். இருவது செகண்டுல வந்துரும். வந்த கையோட மென்பொருளும் தானா தொறந்துரும். தொறந்ததும் அது செஞ்ச மொத வேலை என்ன? "பாட்டெல்லாம் அதே எடத்துல இருக்கான்னு பாப்போம்." போய்ப் பாத்துச்சு. கதவு பூட்டிருக்கு. "ஓ, 2,300 பாட்டையும் இவரு அழிச்சிட்டாரு போல"ன்னு முடிவு பண்ணி, லைப்ரரிலேர்ந்து எல்லாத்தையும் தொடச்சு எடுத்துருச்சு. லிஸ்ட்டு, எத்தன தடவ கேட்டாரு, எந்தப் பாட்டுக்கு எத்தன ஸ்டாரு எல்லாம் காலி. 'காணாமல் போனவற்றை நீக்கு'ன்னு ஒரு டப்பா இருக்கு. அதுல டிக்கு, கம்பெனியிலயே போட்டு அனுப்பிருக்கான். அதப் பாக்காம விட்டது என் தப்பு.

நாஸ்ல ஃபைலு எல்லாம் பத்திரமா இருந்துச்சு. ஒண்ணும் போகல. ஆனா அது எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியுமா? 62 வயசு மனுசன், தான் எதையோ அமுக்கி அம்மாவோட குரல அழிச்சிட்டோம்னு ஒரு பகல் பூரா நெனச்சிக்கிட்டு உக்காந்திருந்தாரு. சாயங்காலம் நான் ரிமோட்ல உள்ள போற வரைக்கும் சரியா சாப்டலைன்னு அம்மா அப்புறமா சொன்னாங்க. இதுதான் எனக்கு ஆத்திரம்.

பக்கத்து வீட்டுக்காரரப் பாக்கப் போறீங்க. கதவு பூட்டிருக்கு. ஆளு குத்தாலத்துக்குக் குளிக்கப் போயிருக்கலாம், தூங்கலாம், காது கேக்காம இருக்கலாம். நீங்க உடனே தெருவுல வந்து "அவரு செத்துட்டாரு"ன்னு சொல்லி ரேசன் கார்டுலேர்ந்து பேர எடுத்தா எப்படி இருக்கும்? அதத்தான் இந்த மென்பொருள் பண்ணுது. 'இல்ல' வேற, 'இப்ப எட்டல' வேற. சின்னப் புள்ளைக்குத் தெரியும் இது.

சரி, எழுதுறவனுக்கு ஏன் தெரியல? தெரியாம இல்ல. நானும் அந்தத் தொழில்தான பண்றேன். ஃபைல் இருக்கான்னு கேக்குற ஃபங்க்ஷன் நெறைய மொழிகள்ல 'ஆமா', 'இல்ல'ன்னு ரெண்டே பதில்தான் சொல்லும். பைத்தான்ல போய்ப் பாக்க அனுமதி இல்லைன்னாலும் 'இல்ல'தான். ஜாவாக்காரன் கொஞ்சம் யோசிச்சிருக்கான். 2011ல வந்த ஜாவா 7ல 'இருக்கா'ன்னு ஒரு ஃபங்க்ஷன், 'இல்லையா'ன்னு தனியா இன்னொண்ணு. ரெண்டுமே 'இல்ல'ன்னு பதில் சொன்னா, 'என்னால பாக்க முடியல'ன்னு அர்த்தம். காலேஜ்ல இதப் படிச்சப்ப என்னடா கிறுக்குத்தனமா ரெண்டு வச்சிருக்கான்னு சிரிச்சோம். அந்த ஞாயித்துக்கிழமதான் உறைச்சது. இதுல பெரிய கொடுமை, இப்படி 'இல்லையா, அப்போ அழி'ன்னு எழுதுன கோட நானே ஆபீஸ்ல ரிவியூ பண்ணி ஓக்கே குடுத்திருக்கேன். திங்கக்கிழமை காலைல போயி மொத வேலையா அதத் தேடிப் பாத்தேன். அப்படியே இருந்துச்சு. அவ்வ்வ்.

இதுக்குப் பெரிய ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம். 2001ல வந்த ஐடியூன்ஸ் என்ன பண்ணுச்சு? ஃபைல் கெடைக்கலைன்னா பாட்டுப் பக்கத்துல ஒரு ஆச்சரியக்குறி போட்டு, "காணல, நீங்க தேடித் தாரீங்களா?"ன்னு கேக்கும். பாட்ட லிஸ்ட்ட விட்டு எடுக்காது. இன்னைக்கு ஓப்பன் சோர்ஸ்ல நாவிட்ரோம் இருக்கு. காணாத பாட்ட 'காணவில்லை'ன்னு தனியா குறிச்சு வைக்கும். நாமளாச் சொன்னாத்தான் அழிக்கும். ஃபோல்டர் முழுசா காலியாத் தெரிஞ்சா சந்தேகப்படணும்ங்கறது ஒரு வரி கோடு. நேத்து ராத்திரி 2,300 இருந்துச்சு, காலைல பூஜ்யம்னா, "அண்ணே, உங்க டிரைவ் கழண்டுருச்சு போல"ன்னு ஒரு வார்த்த கேக்கலாம்ல?

கதை இன்னும் முடியல. ஃபைலு எல்லாம் திரும்ப ஏறிருச்சு, ஆனா அப்பாவோட லிஸ்ட்டு போயிருச்சே. நாஸ் வாங்குறதுக்கு முன்னாடி பழைய மென்பொருள்லேர்ந்து நான் எடுத்து வச்ச லிஸ்ட்டு ஒண்ணு இருந்துச்சு. டிரைவ் பேர மட்டும் மாத்திப் போட்டேன். 380 பாட்டுல 60 சொச்சம் வரல. ஃபோல்டர்ல கண்ணு முன்னாடி இருக்கு, லிஸ்ட்டு இல்லைங்குது. பேர எழுத்து எழுத்தா ஒப்பிட்டுப் பாக்கேன், அச்சு அசலா ஒண்ணுதான். ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சு.

கண்டுபிடிச்சது நான் இல்ல. அப்பா. போன்ல வரிசையாப் படிச்சாரு. "கொஞ்சும் சலங்கை வரல. கோயில் கொடை வில்லுப்பாட்டு வரல. ஆச்சி சொன்னது வரல..." நிறுத்திட்டு, "ஏல, கொம்பும் காலும் சேந்து வந்தா பாட்டு வரமாட்டேங்கு, பாத்தியா?"ன்னாரு.

அசந்துட்டேன். யூனிகோட்ல 'கொ'வ ரெண்டு விதமா எழுதலாம். 'க'வுக்கு அப்புறம் 'ொ'ன்னு ஒரே குறியா வைக்கலாம். இல்லாட்டி கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டு குறியா வைக்கலாம். கண்ணுக்கு ஒண்ணு போலத்தான் தெரியும். ரெண்டும் ஒண்ணுன்னுதான் யூனிகோட் விதி சொல்லுது. நாம கீபோர்டுல அடிக்கறப்ப பெரும்பாலும் மொத விதம். மேக்ல பழைய எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க், ஃபைல் பேர பிரிச்சு ரெண்டாவது விதமாத்தான் வச்சிக்கும். நான் பாட்ட என் பழைய மேக்புக்ல ஏத்தி, அங்கேர்ந்து ஆர்சிங்க் போட்டு நாஸுக்கு அனுப்புனேன். பிரிஞ்ச பேரு அப்படியே போயிருச்சு. நாஸுல இருக்குறது லினக்ஸு. அதுக்கு எழுத்தாவது கொம்பாவது, வெறும் பைட்டுதான். பைட்டு மாறுனா வேற ஃபைலு. கெ, கா எல்லாம் தப்பிச்சிரும். கொ, கோ, கௌ மூணும்தான் மாட்டும். இங்கிலீஷ்ல பேர் வச்சவனுக்கு இந்தப் பிரச்சினை வாழ்க்கைல வராது. அதனாலதான் எந்த உதவிப் பக்கத்துலயும் இதப் பாக்கவே முடியல. ஆர்சிங்க்ல இதுக்குன்னு ஐகான்வ்னு ஒரு ஆப்ஷன் உண்டு, நான் போடல. கன்வ்எம்வின்னு ஒரு சின்ன நிரல் எல்லாப் பேரையும் ஒரே நிமிசத்துல ஒட்ட வச்சிருச்சு.

(இன்னொண்ணு, சும்மா தெரிஞ்சிக்கோங்க. லினக்ஸ்ல ஃபைல் பேரு 255 பைட்டுக்கு மேல போகக்கூடாது. தமிழ்ல ஒவ்வொரு குறியும் மூணு பைட்டு. ஆக மொத்தம் 85 குறிதான். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியா எண்ணிக்கைல சேரும். பாட்டோட மொத வரி, படம், பாடுனவங்க, வருசம் எல்லாத்தையும் பேர்ல ஏத்துற பழக்கம் இருந்தா விட்டுருங்க.)

1962ல வந்த கொஞ்சும் சலங்கை. எஸ். ஜானகி குரலும் காருகுறிச்சி நாதஸ்வரமும் போட்டி போடுற பாட்டு. அந்த ஒரு பாட்டுக்காகவே எங்க தாத்தா டேப் ரிக்கார்டர் வாங்கச் சொன்னாராம். அது ஒரு கொம்புக்கும் ஒரு காலுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நின்னுச்சுன்னா என்ன சொல்ல.

ஆபீஸ்ல சொன்னேன். "எதுக்குடா இவ்ளோ பாடு, மாசம் நூறு ரூவா கட்டி ஆன்லைன்ல கேளு"ன்னான் ஒருத்தன். இந்தப் பேச்சு எனக்குப் புதுசில்ல. ஆனா கணக்குப் பாருங்க. கூகிள் பிளே மியூசிக் நம்ம சொந்தப் பாட்டு ஐம்பதாயிரம் ஏத்திக்கலாம்னு சொன்னான், 2020ல கடைய மூடுனான். யூட்யூப் மியூசிக்குக்கு மாத்திக்கோன்னு வழி விட்டான், இல்லைன்னு சொல்லல, ஆனா நாமதான மாத்தணும். ரெஸ்ஸோ 2024 ஜனவரியோட இந்தியாவ விட்டுக் கெளம்பிருச்சு. அதே வருசம் விங்க்கும் மூடுவிழா. ஒவ்வொரு தடவையும் லிஸ்ட்டத் தூக்கிக்கிட்டு வாடக வீடு மாறுற மாதிரி மாறணும். அத விடுங்க. எங்க ஆச்சி எந்தக் கடைல இருக்கா? பாட்டோட ஒலிய வச்சே இது என்ன பாட்டுன்னு கண்டுபிடிக்கிற அக்கவுஸ்டிக்ஐடி இருக்கு, நல்ல விசயம்தான். ஆச்சி வரப்புச் சண்டை சொல்றத அதுகிட்ட குடுத்தா என்ன சொல்லும்?

என் சந்தேகம் என்னன்னா, ஃபைல சொந்தமா வச்சிருக்குறவன் இனிமே கெடையாதுன்னு மென்பொருள் எழுதுறவங்க முடிவு பண்ணிட்டாங்க. நெட்வொர்க் டிரைவு, லோக்கல் ஃபைலு இதெல்லாம் செட்டிங்ஸ்ல கடைசிப் பக்கத்துல, சோதிச்சுப் பாக்காத மூலைல கெடக்கு. கெட்ட எண்ணம்னு சொல்லல, கவனிக்க ஆள் இல்ல. ஆனா தென்காசி, செங்கோட்டை பக்கம் எத்தன வீட்டுப் பரண்ல இந்த மாதிரி பேசுன கேசட்டு கெடக்குன்னு நெனைக்கீங்க? சவுதிக்கும் துபாய்க்கும் போயி வந்த கேசட்டு. அதுக மேல கீச்சு வளந்தாச்சு. அத ஏத்தி வைக்க வர்ற எவனும் மொத அடில இசட் டிரைவுல முட்டி, ரெண்டாவது அடில கரண்ட் கட்டுல வழுக்கி விழுந்தான்னா, மூணாவது அடி எடுத்து வைப்பானா?

இப்போதைக்கு நான் பண்ணது: அந்த டப்பாவுல டிக்க எடுத்தாச்சு. மென்பொருள் தானா தொறக்குறத நிறுத்தியாச்சு. நாஸ்ல 'இருக்கேன்'னு பேரு வச்சு ஒரு காலி ஃபைலு. அது கண்ணுல பட்டாத்தான் சின்ன ஸ்கிரிப்டு ஒண்ணு மென்பொருளத் தொறக்கும். இன்வெர்ட்டர யூபிஎஸ் மோடுக்கு மாத்துனேன், சின்னச் சின்ன கட்டுக்கு நாஸ் அணையாது. வாராவாரம் ஆச்சி ஃபோல்டர் பெங்களூருல ஒரு டிஸ்க்குக்கு வந்துரும். ரெண்டு டிஸ்க் இருக்கேன்னு நாஸ மட்டும் நம்பி உக்காராதீங்க. ஒரு இடி விழுந்தா ரெண்டும் சேந்துதான் போகும்.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா பொட்டிய ஆன் பண்ணிட்டு, சேர்ல உக்காராம ரவுட்டர் பக்கம் போயி நாஸோட பச்சை லைட்டு அடங்குற வரைக்கும் நின்னு பாத்துட்டு வாராரு. "தானாத்தான் தொறக்கும்பா, நிக்க வேண்டாம்"னேன். "இருக்கட்டும்டே"ன்னுட்டாரு.

140ல இன்னும் 11 பாக்கி. அதுல ஆச்சி கேசட்டு ரெண்டு. டெக்கோட பெல்ட்டு இளகி ஆச்சி குரல் ஆம்பளக் குரல் மாதிரி கேக்கு. தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டை பக்கம் பழைய கேசட் டெக் பெல்ட்டு மாத்தித் தர்ற கைராசிக்காரர் யாரையாச்சும் தெரிஞ்சா சொல்லுங்க மக்கா. பொங்கலுக்கு ஊர்ல இருப்பேன்.